சாரைப்பாம்பு பால் குடிக்குமா?

எங்கள் ஊர் பால் சொசைட்டிக்குக் காலையில் வருகிறவர்கள் பெண்கள். மாலையில் வருகிறவர்கள் ஆண்கள். அப்படி யாரும் விதி போடவில்லை. காலையில் ஆண்கள் பயிருக்குத் தண்ணீர் கட்டக் காட்டுக்குப் போய்விடுவார்கள். மாலையில் பெண்கள் அடுப்பை விட்டு நகர முடியாது. ஒரே தாழ்வாரத்தில் தினமும் வந்து நிற்கிற இரண்டு கூட்டங்கள் அங்கே ஒருநாளும் சந்தித்துக்கொண்டதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கரும்பலகை இருந்தது.

பலகையின் மேல்பாதி செகரெட்டரிக்கு. பாலின் விலை, புண்ணாக்கு மூட்டை வந்திருக்கிறது, மாட்டு டாக்டர் வருகிறார் என்று எழுதுவார். கீழ்ப்பாதி ஊருக்கு. நான் மாரண்டஹள்ளிப் பக்கத்து இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோதே அந்த வழக்கம் இருந்தது. காலைக்கூட்டம் ஒன்றை எழுதிவிட்டுப் போகும். மாலைக்கூட்டம் அதன் கீழே 'மறுப்பு' என்று போட்டுப் பதில் எழுதும். மறுநாள் காலையில் அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று. செகரெட்டரி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஆள் பெயரும் கட்சிப் பெயரும் எழுதக் கூடாது. எழுதினால் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்.

நான் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துப் படித்தவள். மேலே படிக்க வைப்பதாகச் சொன்ன அப்பா, நல்ல இடம் வந்ததும் பேச்சை மாற்றிக்கொண்டார். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாரக் கடைசியில் பஸ் ஏறி வருவார். நான் மாமனார், மாமியார், ஒரு பசு, கைக்குழந்தையாக இருந்த மகள் ஆகியோருடன் இருந்தேன். பால் ஊற்றப் போன சில நாட்களிலேயே காலைக்கூட்டம் என் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டது.

"எழுதுங்க கண்ணு. படிச்ச புள்ள கையெழுத்து நல்லாருக்கும்."

"என்னங்க எழுதறது?"

"பொம்பளைங்க ஓட்டு பொம்பளைங்களுதுன்னு எழுதுங்க. எங்கூட்டுக்காரரு நேத்து சின்னம் காட்டிக் குடுத்து, இதுல குத்து, வேற எதுலயாச்சும் குத்துன கைய ஒடச்சிருவேங்கறாரு."

பஞ்சாயத்துத் தேர்தல் நெருங்கிய சமயம் அது. பெண்களின் ஓட்டைப் பெண்களே முடிவு செய்யட்டும் என்று எழுதினேன். மறுநாள் போனால் கீழே பதில் இருந்தது: "மறுப்பு: குடும்பத்துக்கு ஒரு ஓட்டு போதும். அரசாங்கத்துக்குக் காகிதச் செலவு மிச்சம்." பெண்கள் சிரித்தார்கள், திட்டினார்கள், பிறகு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். கடைசியில் நான் எழுதியது: "சரி. அந்த ஒரு ஓட்டைக் காலையில் வருகிறவர்கள் போடுகிறோம்."

இரண்டாவது 'மறுப்பு' வந்தபோது அது யாருடைய கையெழுத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டாயின் சுவரில், பசு சினை பிடித்த நாளைக் கரியால் எழுதி வைத்திருந்த அதே கை. என் மாமனார்.

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனாரிடம் நேரடியாகப் பேசுவதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்காருவதும் இல்லை. அவரும் என்னிடம் பேசமாட்டார். பேச வேண்டியதைக் குழந்தையிடம் சொல்வார், "பாப்பா, உங்கம்மாள தண்ணி கொண்டாரச் சொல்லு" என்று. குழந்தை தூங்கினால் பசுவிடம் சொல்வார். கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில் அவர் முகத்தை நான் நேராகப் பார்த்தது குறைவு. ஆனால் பலகையில் அவர் என்னை ஒருநாளும் சும்மா விட்டதில்லை. எழுதுகிறது மருமகள் என்று அவருக்கும் தெரியும். காலையில் அந்தக் கூட்டத்தில் எழுதத் தெரிந்தவர்கள் யார் யார் என்பது ஊருக்கே தெரியும். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை.

அரசியலுக்குக் கீழே, ஓரத்தில் சின்ன எழுத்தில், நானாக ஒன்று எழுத ஆரம்பித்தேன். படித்தது மறந்துபோய்விடுமோ என்ற பயம்தான் முதல் காரணம். சிலந்திக்கு எட்டுக் கால், ஆகவே அது பூச்சியில் சேராது என்று எழுதினேன். "மறுப்பு: கால் எட்டு இருந்தாலும் சிலந்திக்கு ஓட்டு இல்லை." கூவுகிற குயில் ஆண் குயில் என்று எழுதினேன். "மறுப்பு: முட்டையை அடுத்தவள் கூட்டில் போட்டுவிட்டுப் போவது யார்?" தேன்கூட்டில் வேலை செய்வதெல்லாம் பெண் தேனீக்களே, ஆண் தேனீ வேலை செய்யாது என்று எழுதிய அன்று காலைக்கூட்டம் கைதட்டியது. கன்னடம் பேசுகிற ஓர் அக்கா, "ஹௌதா? நிஜமா?" என்று இரண்டு முறை கேட்டு, வீட்டில் போய்ச் சொல்லப் போவதாகச் சொன்னாள். மறுநாள்: "மறுப்பு: தேன்கூட்டில் ராணிக்கு மாமியார் இல்லை." அதைப் படித்தபோது மற்றவர்களை விட நான்தான் அதிகம் சிரித்தேன். பிறகு வழியெல்லாம், அவ்வளவு சிரித்திருக்கக் கூடாதோ, யாராவது மாமியாரிடம் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே வந்தேன்.

அவர் பதில்களில் ஒன்றை நான் கவனித்திருந்தேன். கேலி செய்வார், வேறு பக்கம் இழுப்பார். ஆனால் நான் எழுதிய விஷயம் உண்மையென்றால் அதைப் பொய் என்று சொன்னதில்லை. ஓணான் தலையாட்டுவது எதிரியை மிரட்டத்தான் என்று எழுதியபோது, அவர் வரப்பில் நின்று ஓர் ஓணானை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் களை எடுத்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் பதில்: "ஓணான் விஷயம் சரி. மறுப்பு: நம் வார்டு உறுப்பினர் தலையாட்டுவது எதற்கு?" செகரெட்டரி அதைத் துடைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, பெயர் இல்லாததால் விட்டுவிட்டார்.

மகளுக்கு ஒன்றரை வயதானபோது எனக்குப் பால் வற்றிவிட்டது. அவள் எடை ஏறவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் தராசில் தொங்கவிட்டுப் பார்த்து, "பால் குடுக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். "குடுக்கறேங்க" என்றேன். வீட்டுக்கு வந்து அவள் மணிக்கட்டை என் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து வளைத்துப் பார்த்தேன். அன்று முதல் அது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. தூங்கும்போதும் வளைத்துப் பார்ப்பேன்.

வீட்டில் பசு இருந்தது. ஆனால் அது கறப்பது சொசைட்டிக்கு. டீக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டு மீதியை மாமியார் தூக்குப்போசியில் ஊற்றி மூடிவிடுவார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது தோன்றியதே இல்லை. ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"பாப்பாவுக்குக் கொஞ்சம் பால் வெச்சா பரவால்லங்களா அத்தை?"

"நாலு பெத்தேன். ஒண்ணுக்காச்சும் டம்ளர்ல பால் ஊத்திக் குடுத்தனா? களியும் கீரையும் தின்னுட்டு எல்லாம் எருமக்கடா மாதிரி நிக்குதுங்க. உம் புருஷன் மட்டும் என்ன, எளச்சா போயிட்டான்?"

அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருக்கலாம். வீட்டுக்காரரிடமாவது சொல்லியிருக்கலாம். வாரத்தில் ஒருநாள் வருகிறவரிடம் அவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்வது எப்படி முடியும் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்தேன்.

மாமியாருக்கு முட்டிவலி வந்ததிலிருந்து காலையில் நான்தான் கறந்துகொண்டிருந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டாய்க்குள் போவேன். கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் எடுத்து அங்கேயே அவளுக்குப் புகட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவேன். பச்சைப் பால் கொடுக்கலாமா என்று பயம். காய்ச்சினால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று அதைவிடப் பெரிய பயம். எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டவும் வழியில்லை. சொசைட்டியில் பால்மானி விட்டு டிகிரி பார்ப்பார்கள். ஆகவே போசியில் பால் குறைந்தது.

மாமியார் காரணத்தைத் தானே கண்டுபிடித்தார்.

"சாரைதான். வைக்கப்போர்ல சாரை குடியிருக்குது. விடியக்காலம் வந்து மடியில வாய வெச்சிருது."

பாம்பால் உறிஞ்ச முடியாது, அதன் வாய் அதற்கு ஏற்றதல்ல என்று எனக்குத் தெரியும். அதைத்தான் பலகையில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அந்தப் பாம்பு என் மகளுக்காகப் பழியைச் சுமந்துகொண்டிருந்தது.

குழந்தையின் கன்னம் கொஞ்சம் தெளிந்தது. மணிக்கட்டில் விரல்கள் இறுக ஆரம்பித்தன. அந்த நேரத்தில்தான் ஒருநாள் காலை பலகையில் மறுப்புக்குப் பதிலாக ஒரு கேள்வி இருந்தது. மாமனாரின் எழுத்து.

"சாரைப்பாம்பு பசுவிடம் பால் குடிக்குமா? படித்தவர்கள் சொல்லவும். ஊரில் நிறைய வீட்டில் பால் குறைகிறது."

நான் உரக்கப் படித்துக் காட்டினேன். வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அன்று பால் அளக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"குடிக்கும்னே எழுதுங்கக்கா," என்றாள் ஒருத்தி. போன வருஷம் பிரசவம் ஆனவள். என்னைப் பார்க்காமல் தன் போசியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏம் புள்ள, நீ பாத்தியா?" என்றாள் இன்னொருத்தி.

"பாக்காம என்னங்க. தெனம் பாக்கறேன்."

பின்வரிசையில் நின்ற கன்னடத்து அக்கா மெதுவாகச் சொன்னாள்: "எங்க வூட்டுப் பாம்புக்கு ரெண்டு வயசாகுது. இன்னும் கடவாப்பல்லு வரல."

அது புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், செகரெட்டரி அளவையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, பாம்பு கதை" என்றார்கள். எங்க பாம்பு சக்கரை போட்டாத்தான் குடிக்குது என்றாள் ஒருத்தி. எங்களுதுக்கு ரெட்டை என்றாள் இன்னொருத்தி. நானும் சிரித்தேன். இத்தனை நாளும் நான் ஒருத்திதான் கொட்டாயில் ஒளிந்து நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். சாக்பீஸ் என்னிடம்தான் இருந்தது.

குடிக்காது என்று எழுதினால் இத்தனை வீட்டுக் குழந்தைகளின் டம்ளரும் அன்று மாலையே போய்விடும். குடிக்கும் என்று எழுத என் கை வரவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுவது என்று எனக்குள் வைத்திருந்த ஒரே ஒழுங்கு அது. பலகையை விட்டால் எனக்கு வேறு எந்த இடமும் இல்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். பால் வண்டி பாலக்கோட்டுக்குக் கிளம்புகிற நேரம் ஆகிவிட்டது, எல்லோருக்கும் வீட்டில் வேலை கிடந்தது. முதியோர் கல்வி வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்ட ஓர் அம்மா, அதுவரை பலகை பக்கமே போகாதவர், என் விரலிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டார்.

"நீங்க பாவம், யோசிச்சிட்டே நிப்பீங்க. குடுங்க இப்படி."

கோணல்மாணலான பெரிய எழுத்தில் அவர் எழுதினார்: "குடிக்கும். நாங்க பாத்தோம்."

அன்று மாலை மாமனார் சொசைட்டியிலிருந்து திரும்பியதும் வழக்கம்போல் கால் கழுவப் போகவில்லை. வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். மாமியார் கடைக்குப் போயிருந்தார். நான் கதவுக்கு உள்பக்கம் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, பலகையில இருந்தது உங்கம்மா எழுத்து இல்லியே."

குழந்தை அவர் மீசையைப் பிடித்தாள்.

"ஊர்ல பத்துப் பேரு பாத்தோங்கறாங்க. அது கெடக்கட்டும். உங்கம்மா படிச்சவ. பாம்பு பால் குடிக்குமா குடிக்காதான்னு அவளக் கேட்டுச் சொல்லு."

இதற்கு முன் அவர் என்னிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார், சோறு கேட்டிருக்கிறார். தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்முறை. குரலில் அதட்டல் இல்லை. பலகையில் எழுதுகிற அதே ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

சொல்லியிருக்கலாம். குடிக்காதுன்னு தாத்தாகிட்ட சொல்லு பாப்பா, அவர் மடியில உக்காந்திருக்கற நீதான் குடிக்கறே, உனக்கு எடை இல்லைன்னு நர்ஸ் சொன்னாங்க என்று, குழந்தை வழியாகவே சொல்லியிருக்கலாம். அவர் என்ன சொல்லியிருப்பார்? அட, இதுக்கா இத்தனை, எடுத்துக் குடு என்று சொல்லியிருப்பாரோ. அல்லது மாமியாரிடம் போயிருக்குமோ. மாலைக்கூட்டத்தில் போயிருக்குமோ. போயிருந்தால் அந்தப் பிரசவமானவள், கன்னடத்து அக்கா, ரெட்டைப் பிள்ளைக்காரி எல்லோரும் என்னை என்ன நினைத்திருப்பார்கள்? அவருக்கு முன்பே தெரிந்திருந்து, நானாகச் சொல்வதற்கு ஒரு வழி திறந்துவிட்டாரோ? இதையெல்லாம் இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. வாயில் வந்தது இதுதான்:

"தெரியலைன்னு சொல்லு பாப்பா."

அவர் மீசையிலிருந்து குழந்தையின் கையை எடுத்துவிட்டார்.

"தெரியலயாமா," என்றார் குழந்தையிடம். "சரி. தெரியலைன்னா விட்டுரு."

எழுந்து கால் கழுவப் போனார்.

இரண்டு நாள் கழித்து மாலைக்கூட்டத்தில் சிலர் கடப்பாறையோடு போய் வரப்பையும் வைக்கோல் போர்களையும் கிளறினார்கள். மாமனார் போகவில்லை. எங்கள் போரைக் கிளறவும் விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மறுநாள் காலை பால் கொண்டுபோகும்போது வழியில் வேலிமேல் ஒரு சாரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நீளமான, பளபளப்பான பாம்பு. எலியைத் தவிர அது யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. நான் குழந்தையின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு கடந்து போனேன். பாம்பு செத்தும் எந்த வீட்டிலும் பால் கூடவில்லை. "ஜோடி ஒண்ணு இருக்கும்" என்று மாமியார் சொன்னார்.

பலகை நடந்துகொண்டுதான் இருந்தது. ஓட்டு, மண்ணெண்ணெய், பஸ் நிற்காமல் போவது என்று காலை எழுதியதற்கு மாலை மறுப்பு வந்தது. ஆனால் கையெழுத்து வேறு. மாலையில் இன்னொருவர் எழுத ஆரம்பித்திருந்தார். அவருக்குக் கேலியும் வராது, விஷயமும் கிடையாது, "பெண்கள் வாயை அடக்கவும்" என்று எழுதுவார். ஓரத்தில் நான் எழுதியதற்குக் கீழே இடம் காலியாகவே இருந்தது. எறும்பைப் பற்றி எழுதினேன். மழைக்கு முன் வருகிற ஈசலைப் பற்றி எழுதினேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. எனக்கு முதலில் அது நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற வழி நீளமாகத் தெரிய ஆரம்பித்தது.

வீட்டில் எதுவும் மாறவில்லை. குழந்தை வழியாகத் தண்ணீர் கேட்டார், நான் கொடுத்தேன். அவர் கோபமாக இருந்தார் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் காலை, என்ன நினைத்தேனோ, பலகையின் ஓரத்தில் வேண்டுமென்றே ஒரு பொய்யை எழுதினேன். காக்கைக்கு ஒரே கண்மணிதான், அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் போகும் என்று. ஊரில் எல்லோரும் சொல்வது. அப்படி ஒன்றை நான் எழுத மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். பொறுக்கமாட்டார், ஒரு காக்கையை உட்கார்ந்து பார்த்தாவது மறுப்பு எழுதுவார், அந்த ஒரு வரியிலிருந்து மறுபடியும் தொடங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று பகல் முழுவதும் என்ன எழுதுவார் என்று விதவிதமாக யோசித்துக்கொண்டே வேலை செய்தேன். மாலையில் அவர் போசியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது சன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்பி வந்தபோதும் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை மற்றவர்களுக்கு முன்னால் போய்விட்டேன். காக்கைக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. ஒரே வார்த்தை.

"மறுப்பில்லை."

பின்னாலேயே பெண்கள் வந்துவிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒருத்தி என் தோளைத் தட்டி, "என்ன கண்ணு போட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.

"மறுப்பில்லைன்னு போட்டிருக்காங்கக்கா."

"அடி சக்கை! ஒருநாளாச்சும் ஆம்பளைங்க ஒத்துக்கிட்டாங்களே" என்று அவள் போசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சிரித்தாள். வரிசையில் நின்றவர்களுக்கும் திரும்பிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். காக்கை விஷயம் பொய் என்று தெரிந்தே அவர் எழுதியது அந்த வரிசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு முன்னால் யாரும் இல்லாததால் செகரெட்டரி என் போசியை வாங்க முதலில் கையை நீட்டினார்.